ஏற்றத்தில் தூங்கும் வைப்பர்: பழைய பெட்ரோல் ஜீப்பை மழையில் ஓட்டுவது எப்படி

பழைய பெட்ரோல் ஜீப்பை ஆசையாக வாங்கிவிட்டு, முதல் மழையில் நனைந்ததும் எனக்குப் போன் போடுகிறவர்கள் நிறைய. கேள்வி எப்போதும் ஒன்றுதான். “அண்ணே, ஏத்தத்துல மட்டும் வைப்பர் நின்னுடுது, மோட்டாரை மாத்தணுமா?” மாற்ற வேண்டாம் தம்பி. அது சரியாகத்தான் வேலை செய்கிறது.

என்னுடையது மகிந்திரா சிஜே 3பி. ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின், கோத்தகிரி வாசம். இதன் வைப்பருக்கும் பேட்டரிக்கும் சம்பந்தமே கிடையாது. இன்ஜின் காற்றை இழுக்கும்போது மேனிஃபோல்டில் (காற்று உள்ளே போகும் குழாயில்) உண்டாகும் வேக்குவம், அதாவது உறிஞ்சும் இழுப்புதான், ஒரு ரப்பர் ஓஸ் வழியாக வந்து வைப்பரை ஆட்டுகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கார்புரேட்டரின் வாய் மூடும், வேக்குவம் ஏறும், வைப்பர் பறக்கும். அழுத்தி மிதித்தால் வாய் திறக்கும், வேக்குவம் வடியும், வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும். அதனால்தான் இறக்கத்தில் மழை விட்ட பிறகும் காய்ந்த கண்ணாடியைக் கறக் கறக் என்று தேய்த்துத் தள்ளுகிறது. லாரியை முந்தும்போது, அதன் பின்சக்கரம் சேற்றை வாரி நம் முகத்துக்கு நேரே அடிக்கிற சமயமாகப் பார்த்து ஓய்வெடுக்கிறது.

இதில் உயரம் வேறு சேர்ந்துகொள்ளும். நல்ல இன்ஜின் சமவெளியில் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, வேக்குவம் கேஜில் (அளவுமானியில்) பாதரச அளவாக 17 முதல் 21 இன்ச் காட்டும். ஆயிரம் அடி ஏறினால் சுமார் 1 இன்ச் குறையும். மேட்டுப்பாளையத்தில் துள்ளிய வைப்பர், 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டிக்குப் போய்ச் சேரும்போது ஆறு இன்ச் போல இழந்திருக்கும். ஊட்டியில் கேஜ் 12 காட்டுகிறது, வால்வு போய்விட்டது, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரி, ஓட்டுவது எப்படி? ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். டாப் கியரில் முக்கி மிதிப்பதைவிட, செகண்டில் இன்ஜினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரை லேசாகப் பிடித்தால் வேக்குவம் மிஞ்சும். கொண்டை ஊசி வளைவுக்குப் பத்தடி முன்னால் காலை ஒரு நொடி எடுங்கள். வைப்பர் இரண்டு முறை அடிக்கும். அந்த இரண்டு அடியில் தெரிகிற சாலையை மனதில் வாங்கிக்கொண்டு அப்புறம் மிதியுங்கள். பழகிவிட்டால் கால் தானாகச் செய்யும். பக்கத்தில் இருப்பவர்தான் வண்டி ஏன் இப்படி விக்குகிறது என்று கேட்பார்.

அவருக்கும் வேலை உண்டு. என் வண்டியில் இடது பக்க வைப்பருக்கு வேக்குவமும் இல்லை, உள்ளே ஒரு கைப்பிடி மட்டும்தான். அலபாமாக்காரரான மேரி ஆண்டர்சன் 1903இல் காப்புரிமை வாங்கிய வைப்பரும் உள்ளிருந்து கையால் ஆட்டுவதுதான். என் மச்சான் அந்த சீட்டில் உட்கார்ந்தால் அரவேணு தாண்டும் வரை பேச மாட்டார், ஆட்டிக்கொண்டே வருவார். நான் “மச்சான், கண்ணாடி” என்று கத்தும்வரை காத்திருக்கக் கூடாது என்பது மட்டும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

இனி கழற்றிப் பார்க்கும் வேலை. இறக்கத்திலும் வைப்பர் மந்தமாக இருந்தால்தான் கோளாறு. முதலில் ஓஸைப் பாருங்கள். வளைவுகளிலும் கிளிப் அடியிலும் மயிரிழை வெடிப்பு இருக்கும். இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, மோட்டார் பக்கம் ஓஸைக் கழற்றி, அதன் முனையில் விரலை வையுங்கள். கவ்விப் பிடிக்க வேண்டும். கவ்வாவிட்டால் ஓஸ் போச்சு. ஐடிலிங் நடுங்கினால் காரணமும் அதுவாகவே இருக்கலாம், கார்புரேட்டர் ஸ்குரூவை நோண்டாதீர்கள். முன்கண்ணாடியைப் பானெட் மேல் மடக்கி வைத்து எடுத்தவர்கள், ஓஸ் எங்காவது மடிந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள்.

விரலைக் கவ்வுகிறது, வைப்பர் மட்டும் அசையவில்லை என்றால் மோட்டாருக்குள் பிரச்சினை. ‘மோட்டார்’ என்கிறோமே தவிர உள்ளே இருப்பது அரைவட்ட அறை, அதில் ஆடும் ஒரு தகடு, தகட்டின் ஓரத்தில் தோல் அல்லது ரப்பர். வெயில் காலம் முழுக்கச் சும்மா கிடந்தால் தோல் காய்ந்துவிடும். ஓஸ் மாட்டும் துளையில் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, ஓஸ் மாட்டாமலே வைப்பரை மெதுவாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கையால் நகர்த்துங்கள். கிரீஸ் வேண்டாம், உள்ளே இருக்கும் குட்டி வால்வு ஒட்டிக்கொள்ளும். பெட்ரோல் ஊற்றிக் கழுவவே கழுவாதீர்கள், இருக்கிற ஈரப்பசையும் போய்விடும்.

சில ஜீப்புகளில் இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பிலேயே இன்னொரு டயாஃப்ரம் (வளைந்து கொடுக்கும் சவ்வு) வைத்து வைப்பருக்குத் தனியாக வேக்குவம் கொடுத்திருப்பார்கள். அது இருந்தால் ஏற்றத்திலும் வைப்பர் அடியோடு சாகாது. ஆனால் அந்த டயாஃப்ரம் கிழிந்தால் கிராங்க் கேஸ் (இன்ஜினின் அடிப்பகுதி) ஆயிலை இன்ஜினே உறிஞ்ச ஆரம்பிக்கும். வைப்பர் சோர்ந்து, சைலன்சரில் நீலப்புகையும் வந்தால் பிஸ்டன் ரிங் போச்சு என்று பயப்படுவதற்கு முன் பம்ப்பைக் கழற்றுங்கள்.

பிளேடு வாங்கும்போது தட்டைக் கண்ணாடிக்கானதைக் கேட்டு வாங்குங்கள். இப்போதைய கார்களின் வளைந்த பிளேடு ஜீப் கண்ணாடியில் முழுதாகப் படியாது. மழைக்கு முன் கண்ணாடியில் புகையிலை தேய்ப்பது லாரிக்காரர்களின் பழைய வித்தை. நான் வெட்டின உருளைக்கிழங்கைத் தேய்ப்பேன், நீலகிரியில் அதற்கா பஞ்சம்? தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தகடாக வழியும், வைப்பர் படுத்தாலும் கொஞ்ச தூரம் தெரியும்.

டீசல் இன்ஜின் மாற்றிய ஜீப் வாங்கினால் இந்தப் பாடம் எதுவும் உதவாது. பெரும்பாலான டீசலில் மேனிஃபோல்டு வேக்குவம் கிடைக்காது, கரண்ட் வைப்பர்தான் வழி. வாங்குமுன் அது மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய வேக்குவம் மோட்டாரை அழகுக்கு விட்டுவைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கரண்ட் வைப்பர் என்றால் நிம்மதி என்றும் சொல்ல முடியாது. பழைய சீரீஸ் ஒன், டூ லேண்ட்ரோவரில் இரண்டு வைப்பர் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் உள்பக்கம் தனித்தனி மோட்டார். பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள் மாதிரி, இது வலது போனால் அது இடது போகும். ஒன்றோடொன்று சேர்ந்து ஆட வைக்க வழி தேடாதீர்கள். டிரைவர் பக்கம் இருப்பது ஓடினால் போதும்.