அரிதான குடும்பப் பெயருக்கு வேர் தேடுவது எப்படி: நேட்டால் தமிழ்க் குடும்பங்களுக்கு

நாயுடு, பிள்ளை, கவுண்டர், முதலி, படையாச்சி என்றால் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பனில், தெருவுக்கு நாலு வீடு இருக்கும். இந்தக் குறிப்பு அந்தப் பெயர்களுக்கானது அல்ல. குழந்தைவேலு, வைத்திலிங்கம், பச்சையப்பன் மாதிரி விரல்விட்டு எண்ணும் வீடுகளில் மட்டும் இருக்கிற பெயரை வைத்திருப்பவர்கள், "இந்தப் பேர் எங்கிருந்து வந்தது, எங்களைத் தவிர வேறு யாருக்கு இருக்கிறது" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதியது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் அரிதான ஒரு ஜெர்மன் குடும்பப் பெயரைத் தேடுகிறவருக்கு வேலை வேறு மாதிரி. அந்தப் பெயர் கப்பல் ஏறுவதற்கு முன்பே பல தலைமுறை அப்பனிடமிருந்து மகனுக்கு வந்த பெயர். ஊர்த் தேவாலயத்துப் பதிவேட்டில் இருக்கும். அமெரிக்காவில் மியுல்லர் மில்லர் ஆகியிருக்கலாம், ஷ்மிட் ஸ்மித் ஆகியிருக்கலாம், ஆனாலும் பெயர் ஒன்றுதான். எத்தனை பேர் என்று பார்க்கவும் வழி உண்டு. 2010 கணக்கெடுப்பை வைத்து, 100 பேருக்குக் குறையாமல் இருக்கிற 1,62,253 குடும்பப் பெயர்களை அந்த நாட்டு அரசே பட்டியல் போட்டது. அதில் இல்லையென்றால் அது நிஜமாகவே அரிய பெயர்.

நம் பெயர் அப்படி வந்ததல்ல. ஊரில் நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், அவ்வளவுதான். நேட்டாலுக்கு வந்த பிறகு, வந்தவரின் சொந்தப் பெயரோ அவருடைய அப்பா பெயரோ பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயராக உறைந்துபோனது. ஆகவே உங்கள் அரிய பெயர் ஒரு குலத்தின் பெயர் அல்ல. பெரும்பாலும் ஒரே ஒரு மனிதரின் பெயர். தேட வேண்டியது பெயரை அல்ல, அந்த மனிதரை. அவரைப் பிடிக்க ஒரு எண் இருக்கிறது.

கொலோனியல் நம்பர்

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். ஆண், பெண், கைக்குழந்தை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். அதுதான் கொலோனியல் நம்பர். பெயரைப் பத்து விதமாக எழுதினார்கள், எண்ணை ஒரே விதமாகத்தான் எழுதினார்கள். அதனால்தான் எண்ணை முதலில் தேடச் சொல்கிறோம்.

எண் எங்கே கிடைக்கும்? பழைய டின் பெட்டி, சாமி அறை அலமாரி, பாட்டியின் புடவைப் பெட்டி, எல்லாவற்றையும் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுதலைச் சீட்டு, ஒப்பந்தம் முடிந்தும் நேட்டாலில் தங்கியவர்கள் 3 பவுன் வரி கட்டிய ரசீது, குடியேறிகள் பாதுகாவலர் (ஒப்பந்தக் கூலிகளைக் கவனித்த அரசு அதிகாரி) அலுவலகத்தில் பதிந்த கல்யாணச் சான்று, பிள்ளை பிறந்த பதிவு ஆகியவற்றில் பெற்றோரின் எண் இருக்கும். கல்யாணப் பதிவு கிடைத்தால் பொக்கிஷம், ஏனென்றால் மாப்பிள்ளை எண், பெண் எண் இரண்டும் அதில் இருக்கும்.

எண்ணைப் பார்த்தாலே காலம் தெரியும். சுமார் 6,400-க்குக் கீழே இருந்தால் 1860 முதல் 1866 வரை வந்த முதல் கூட்டம். பிறகு 1874 வரை ஆள் கொண்டுவருவது நின்றுபோனது; அதற்கு மேற்பட்ட எண் எல்லாம் 1874-க்குப் பின். "எங்க தாத்தா முதல் கப்பலில் வந்தார்" என்று பல வீடுகளில் சொல்வார்கள். எண் 80,000 என்று இருந்தால் அது முதல் கப்பல் அல்ல, முதல் தலைமுறை என்ற பொருளில் சொன்ன பேச்சு. பெரியவர்களோடு சண்டை போட வேண்டாம். நோட்டில் மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

எண் கிடைக்காவிட்டால் இறந்தவர் சொத்துக் கோப்பு வழியாகப் போகலாம். நேட்டாலின் பழைய சொத்துக் கோப்புகள் பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் பெயரைப் போட்டால் கோப்பின் விவரம் மட்டும் வரும், கோப்பு வராது. காப்பகக் குறி, மூலக் குறி, தொகுதி, கோப்பு எண், ஆண்டு ஐந்தையும் அப்படியே எழுதிக்கொண்டால்தான் கோப்பை வரவழைக்க முடியும். பலர் பெயரையும் ஆண்டையும் மட்டும் குறித்துக்கொண்டு போய், அங்கே மறுபடி முதலிலிருந்து தேடுகிறார்கள்.

கோப்புக்குள் இறப்பு அறிவிப்பு என்று ஒரு படிவம் இருக்கும். அப்பா அம்மா பெயர், துணை, பிள்ளைகள், பிறந்த இடம், வயது அதில் உண்டு. பிள்ளைகளின் பெயர் வரிசையை நம்பலாம். பிறந்த இடம் "இந்தியா" அல்லது "மெட்ராஸ்" என்று மொட்டையாக இருக்கும். வயது துக்க வீட்டில் யாரோ உத்தேசமாகச் சொன்னது; 5 வருடம் முன்பின்னாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து வடிவங்களை விரித்துப் போடுதல்

இதுதான் பெரிய வேலை, அவசரப்படக் கூடாது. நம் ஆட்கள் சொன்னதைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். சொன்னவர் ஒரு ஊர்க்காரர், எழுதினவர் இன்னொரு ஊர்க்காரர்.

குழந்தைவேலு என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். ஒரு தாளில் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி, ஒவ்வொரு எழுத்துக்குக் கீழும் அது ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் விழுந்திருக்கும் என்று எழுதுங்கள். கு: பேச்சில் அது "கொ" ஆகிவிடும், ஆகவே கே, சி, ஜி மூன்றில் ஏதாவது ஒன்றில் தொடங்கலாம், அடுத்து ஓ, யு, இரட்டை ஓ. ழ: ஒற்றை எல், இரட்டை எல், சில நேரம் ஒய். ந்த: என்-டி, அல்லது என்-டி-எச். தை: வெறும் ஏ, ஏ-ஐ, ஏ-ஒய், சில இடத்தில் அந்த அசையே காணாமல் போயிருக்கும். வே: வி அல்லது டபிள்யூ. லு: எல்-யு, எல்-இரட்டை ஓ, எல்-ஓ-யு. எல்லாவற்றையும் பெருக்கினால் நூற்றுக்கு மேல் வடிவம் வரும். அத்தனையும் நிஜத்தில் இருக்காது. ஆனால் முதல் எழுத்துக்கான கே, சி, ஜி மூன்றையும் தேடாதவர் பாதிக் குடும்பத்தைத் தவறவிடுவார். இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். குழந்தைவேலுவை "கே"யில் மட்டும் தேடிவிட்டு, எங்களைத் தவிர யாருமில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

மற்ற பெயர்களுக்கும் இதே போக்கு. ச என்றால் எஸ், சி-எச் இரண்டும் பார்க்க வேண்டும்: சின்னசாமி இரண்டு வரிசையிலும் இருப்பார். முதல் "அ" ஒலியை யு என்று எழுதுவார்கள். தம்பி "தும்பி" மாதிரித் தெரியும். முனுசாமி நடு உயிர் தேய்ந்து முன்சாமி ஆகும். கடைசியில் "அன்" இருந்தால் "என்" ஆகும். உ, ஊ இருக்கும் இடத்தில் இரட்டை ஓ வருவது ஆங்கிலேயர் வழக்கம். ஓ-யு வந்தால் பிரெஞ்சு வழக்கம், ஆகவே மொரிஷியஸ், ரீயூனியன், புதுச்சேரி பக்கத்துத் தொடர்பு உண்டா என்றும் ஒரு கண் வையுங்கள்.

எது மூலப் பெயர் என்று தீர்ப்புச் சொல்லக்கூடியது தமிழ் எழுத்துதான். கல்லறைக் கல், பழைய கல்யாணப் பத்திரிகை, பித்தளைப் பாத்திரத்தில் வெட்டிய பேர், கையால் எழுதிய பாட்டு நோட்டின் முதல் பக்கம் இவற்றில் ஒன்றில் தமிழில் இருந்தால், ஆங்கில வடிவம் எதுவானாலும் அதையே வையுங்கள். கல்லைப் படம் பிடிக்கும்போது வெயில் பக்கவாட்டில் விழும் காலை அல்லது மாலை நேரம் போங்கள். உச்சி வெயிலில் தேய்ந்த எழுத்து தெரியாது. கல்லில் சுண்ணாம்பும் மாவும் தேய்க்க வேண்டாம், தண்ணீர் தெளித்தாலே போதும்.

கப்பல் பட்டியலைப் படித்தல்

கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கிற காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் பார்க்கலாம். எண், பெயர், அப்பா பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம், வேலைக்குப் போன தோட்டம் என்று பத்திகள் ஓடும். உங்கள் ஆளின் வரியை மட்டும் எழுதிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். மேலே பத்து வரி, கீழே பத்து வரி சேர்த்து எழுதுங்கள். ஒரே குடும்பமாக வந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண் கொடுத்தார்கள். ஒரே கிராமத்துக்காரர்களும் பக்கத்தில் இருக்கலாம்.

இவர்தான் அவர் என்று எப்போது சொல்லலாம்? அப்பா பெயர், வயது, தோட்டம், மனைவியின் எண், கிராமம் என்று ஐந்து இருக்கின்றன. அதில் குறைந்தது மூன்று ஒத்துப்போக வேண்டும். பெயர் மட்டும் ஒத்தால் அது ஒன்றுமில்லை. பேரன் என்ற சொல்லே தாத்தா பெயரைத் தாங்குகிறவன் என்பதிலிருந்து வந்தது. தாத்தாவும் பேரனும் ஒரே பெயரோடு ஒரே ஊரில் இருப்பார்கள். இரண்டு பேரை ஒருவராக்கி, 1885-இல் வந்தவர் 1968-இல் 110 வயதில் இறந்தார் என்று எழுதிய குடும்ப மரங்கள் நிறைய. வயது கூட்டிப் பார்த்து 90-ஐத் தாண்டினால் நின்று சரிபாருங்கள்.

சாதிப் பத்தியைப் பற்றி. அதில் இருப்பது, ஆள் சேர்த்தவரும் எழுத்தரும் கேட்டதோ ஊகித்ததோதான். "மலபார்" என்று பொதுவாகத் தமிழரையும், "ஜென்டூ" என்று தெலுங்கரையும் எழுதிய இடங்கள் உண்டு. பின்னாளில் சிலர் வேறு பட்டத்தைப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். அதனால் இன்றைய குடும்பப் பெயரை வைத்து அன்றைய சாதியையோ, அன்றைய பத்தியை வைத்து இன்றைய குடும்பத்தையோ அளக்க வேண்டாம். ஆனால் என்ன எழுதியிருக்கிறதோ அதை மறைக்காமல் நகல் எடுங்கள். அந்தப் பத்தியை வெட்கப்பட்டு அடித்துவிட்டால், அடுத்த தலைமுறைக்குப் போகும் ஆவணம் பொய்யாகிவிடும். கையெழுத்துப் போடத் தெரியாமல் கடல் தாண்டி வந்தவரைப் பற்றி எழுத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரிதான்.

எத்தனை வீடு என்று எண்ணுதல்

பெயர் போட்டால் எண்ணிக்கை காட்டும் இணையத் தளங்கள் சொல்வது மதிப்பீடு. ஐந்து விதமாக எழுதப்படும் பெயரை அவை ஐந்து அரிய பெயராகக் காட்டும். நீங்களே எண்ணுவது நல்லது. நோட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி: எழுத்து வடிவம், முதல் பெயர், ஆண்டு, ஊர், தெரிந்தால் முன்னோரின் கொலோனியல் நம்பர். பழைய தொலைபேசிப் புத்தகங்கள், பிராபியின் நேட்டால் விவரத் தொகுப்புகள் (பெயர், முகவரிப் புத்தகங்கள்), கல்லறைப் படத் தொகுப்புகள், சொத்துக் கோப்பு அட்டவணை எல்லாவற்றிலிருந்தும் வரி சேருங்கள். டொங்காட், வெருலம், ஸ்டேங்கர், உம்சின்டோ என்று ஊர் வாரியாகப் பிரித்தால் எந்தத் தோட்டத்திலிருந்து பரவியது என்று கண்ணுக்குத் தெரியும். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் முகவரிகளைத் தனியாக வையுங்கள். இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தில் வீடு இழந்தவர்களைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடங்கள் அவை, வேரைக் காட்டாது.

கடைசியில் கொலோனியல் நம்பர் வழியாக வரிகளை ஒன்று சேருங்கள். அப்போது மூன்று தொகை கிடைக்கும்: எத்தனை வடிவம், எத்தனை வீடு, எத்தனை கப்பல் ஆள். இந்த மூன்றாவது தொகைதான் பெயர் எவ்வளவு அரிது என்று சொல்லும். ஒரே பெயர் நாலு கப்பல் ஆளிடம் போய் முடிந்தால் நாலு குடும்பமும் உறவு அல்ல, நாலு அப்பாக்கள் பிள்ளைக்கு ஒரே சாமி பெயர் வைத்தார்கள், அவ்வளவே. எதிர்ப்பக்கமும் உண்டு: கூடப் பிறந்த அண்ணன் தம்பிக்கு வேறு வேறு குடும்பப் பெயர் இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஒருவனுக்கு அப்பா பெயர், இன்னொருவனுக்குத் தாத்தா பெயர் விழுந்திருக்கும். கவுண்டனும் கோவிந்தனும் ஆங்கில எழுத்தில் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிவார்கள்; எண் பார்க்காமல் சேர்க்காதீர்கள்.

ஊரைக் கண்டுபிடித்தல்

பட்டியலில் இருக்கும் ஜில்லா இன்றைய மாவட்டம் அல்ல. வட ஆற்காடு என்றால் இன்றைக்கு வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, போளூர், வந்தவாசி பக்கம். 1911 வரை சித்தூரும் அதில்தான் இருந்தது, ஆகவே கிராமம் ஆந்திராவில் இருக்கலாம். தென் ஆற்காடு என்றால் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி. செங்கல்பட்டு ஜில்லாவில் காஞ்சிபுரமும் திருவள்ளூரும் சேர்த்தி. முதலில் தாலுகாவை உறுதி செய்யுங்கள்: குடியாத்தம், போளூர், ஆரணி, வந்தவாசி என்பவை எவ்வளவு கோணலாக எழுதியிருந்தாலும் அடையாளம் தெரியும். பிறகு அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலை மட்டும் எடுத்து, உரக்க வாசித்து, ஒலியால் ஒப்பிடுங்கள். குப்பம், பாக்கம், பட்டு, பாடி என்ற முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறி எழுதப்பட்டிருக்கும், முன்பாதியை நம்புங்கள்.

ஊருக்குப் போவதென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் நிலப் பதிவு கேட்பதில் பெரிய பலன் இல்லை. கப்பல் ஏறியவர்களில் பலரிடம் நிலம் இருந்ததில்லை. வீட்டில் பாட்டி எந்தச் சாமிக்குப் படையல் போட்டார், எந்த மாதம், கிடா வெட்டா பொங்கல் மட்டுமா என்று புறப்படுவதற்கு முன் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே உங்கள் ஆங்கிலக் குடும்பப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரியாது. தமிழில் முன்னோர் பெயர், அவருடைய அப்பா பெயர், குலதெய்வம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, கோவில் பூசாரியிடமும் ஊரிலேயே வயதானவரிடமும் கொடுங்கள்.