ஸ்கிரிப்ட் பிரேக்டவுனில் தானியங்கிக் குறிப்புகள்: மழை சீனுக்கு மழையைக் குறிக்கிறதா என்று பாருங்கள்

ஒவ்வொரு சீனையும் எடுக்க என்னென்ன வேண்டும் என்று ஸ்கிரிப்டிலிருந்து பிரித்துப் பட்டியல் போடுவதுதான் பிரேக்டவுன். ஸ்கிரிப்டை ஏற்றி ஒரு பட்டனைத் தட்டினால் நடிகர்கள், பிராப்பர்ட்டி (சீனில் பயன்படும் பொருட்கள்), காஸ்ட்யூம், வண்டி, மிருகம் என்று கலர் கலராகக் குறித்துத் தரும் மென்பொருட்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. முன்பு ஸ்கெட்ச் பேனாவும் கையுமாக நாள்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை இது, அதனால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அது பெரும்பாலும் எழுதியிருக்கும் சொல்லைத்தான் பிடிக்கும். எழுதாமல் சீனுக்குள் ஒளிந்திருப்பதை உதவி இயக்குநர்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் ஃபைலைச் சரி செய்யுங்கள். இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம் என்று நாம் பழகிய இரண்டு பத்தி வடிவம் பெரும்பாலான மென்பொருட்களுக்குப் புரியாது, ஒரே பத்தியாக மாற்றிவிடுங்கள். பாமினி மாதிரி பழைய ஃபான்டில் டைப் செய்திருந்தால் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது உள்ளே வெறும் ஆங்கில எழுத்துக் குவியல், யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றவே ஏற்றாதீர்கள். அப்புறம் சீன் தலைப்புகள். ஒரு இடத்தில் 'செல்வி வீடு', இன்னொரு இடத்தில் 'செல்வி வீட்டு ஹால்', வேறொரு இடத்தில் 'செல்வியின் வீடு' என்று இருந்தால் அதன் கணக்கில் அது மூன்று லொகேஷன்.

மென்பொருளை ஓட்டி முடித்ததும் சீன் சீனாகப் போகாமல் வகை வகையாகச் சரிபாருங்கள், அப்படிப் பார்த்தால்தான் ஒரே மாதிரித் தப்புகள் வரிசையாகக் கண்ணில் படும். பாத்திரப் பெயர்களில் தொடங்கலாம். கதாநாயகி பெயர் மலர் என்றால் பிராப்பர்ட்டியில் பூ வந்து நிற்கும். 'மாலை' என்பது பொழுதா, கழுத்தில் போடுவதா என்பதிலும் அது தடுமாறும். 'புலி மாதிரி பாய்ந்தான்' என்று எழுதியிருந்தால் மிருகப் பட்டியலில் புலி ஏறிவிடும். 'அப்பா காரையே வித்துட்டாரு' என்ற வசனத்தில் வரும் காரை யாரும் வாடகைக்கு எடுக்க வேண்டாம், அதை நீக்குங்கள். 'கத்தி', 'கத்தியை', 'கத்தியால்' மூன்றும் தனித்தனிப் பொருளாக வந்திருந்தால் ஒன்றாகச் சேருங்கள்.

இது சுலபமான பாதி. விடுபட்டதைத் தேடுவதுதான் கஷ்டம். 'செல்வி நனைந்தபடி உள்ளே வருகிறாள். பாட்டி துண்டை நீட்டுகிறாள்.' இந்த இரண்டு வரியில் மென்பொருள் செல்வி, பாட்டி, துண்டு மூன்றையும் குறித்துவிட்டு நகர்ந்துவிடும். ஆனால் வாசலுக்கு வெளியே மழை பெய்ய வேண்டும், அதற்கு மழை செட்டப்பும் தண்ணீர் டேங்கரும் வேண்டும், அவள் நனைவதையும் எடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு டேக்குக்கும் காய்ந்த புடவை ஒன்று வேண்டும், அடுத்த சீன் அதே இரவில் என்றால் அங்கேயும் தலை ஈரமாக இருக்க வேண்டும். நான் வேலை செய்த ஒரு படத்தில், காய்ந்த புடவையோடு தொடங்கி நனையும் இதே மாதிரி ஒரு சீனுக்குத் தானியங்கிப் பட்டியலை அப்படியே காஸ்ட்யூமுக்குக் கொடுத்துவிட்டேன். ஸ்பாட்டில் ஒரே ஒரு புடவை. முதல் டேக் ஓகே ஆகவில்லை, புடவை காயும் வரை மொத்த யூனிட்டும் காத்திருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சீனிலும் 'முந்தின சீனிலிருந்து உடம்பிலும் உடையிலும் என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது?' என்று கேட்டு, ஈரம், ரத்தம், கட்டு, தாடி எல்லாவற்றையும் கையாலேயே சேர்க்கிறேன்.

பக்கத்தை 8 பாகமாகப் பிரித்து ஒவ்வொரு சீனுக்கும் மென்பொருள் தரும் நீளத்தை நம்பி, எந்த நாளில் எத்தனை சீன் எடுப்பது என்று முடிவு செய்யாதீர்கள். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்பது ஆங்கில ஸ்கிரிப்டின் ஃபான்டையும் வடிவத்தையும் வைத்து வந்த உத்தேசக் கணக்கு. சீனை வாய்விட்டு வாசித்து ஸ்டாப்வாட்சில் பாருங்கள்.

ஸ்கிரிப்ட் திருத்தம் வந்தால் புதிய பிரதியை நேரடியாக ஏற்றாமல் பழையதற்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள், நீங்கள் கையால் சேர்த்தவை அழிந்துபோக வாய்ப்புண்டு. சீன் எண்கள் மாறாதபடி பூட்டிவிடுங்கள், 42க்கும் 43க்கும் நடுவில் புதிதாக வருவது 42ஏ ஆகட்டும்.

எல்லாம் முடிந்து டிபார்ட்மென்ட் வாரியாகப் பட்டியல் எடுக்கும்போது மிருகப் பட்டியலை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் புரொடக்ஷன் மேனேஜரிடம் கொடுங்கள். ஒரு நாயோ குதிரையோ நடித்தாலும் இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் ஷூட்டிங்குக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும், அந்த விண்ணப்பத்துக்கு நாள் பிடிக்கும்.