சீடை டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் மாதாமாதம் எங்கள் மருந்துக் கடைக்கு வருவார். போன மாதம் வயிற்றுப்போக்குக்கு எழுதிய புதுச் சீட்டோடு வந்தார். "பத்து நாளா நிக்கல தம்பி" என்றார். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். பையிலிருந்து பழைய சீப்புச் சீடை டப்பாவை எடுத்துக் கண்ணாடி மேசையில் கவிழ்த்துவிட்டார்.

மூன்று சர்க்கரை மாத்திரை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்த மெட்ஃபார்மின் ஒன்று. மதுரை டாக்டர் எழுதியது, கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது. காரைக்குடி டாக்டர் எழுதியது, சிட்டாகிளிப்டினோடு அதே மெட்ஃபார்மின். அட்டை வேறு, பெயர் வேறு, சரக்கு ஒன்று. மெட்ஃபார்மின் அளவு கூடினால் வயிறு போகும். அதை நிறுத்தத்தான் நாலாவது சீட்டு!

டாக்டர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஓ.பி. வரிசையில் ஆளுக்குச் சில நிமிடம். "வேற மாத்திரை உண்டா?" என்றால் "சுகருக்கு வெள்ளை மாத்திரை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். வெள்ளை மாத்திரை என்றால் எது? கடையில் பாதி மாத்திரை வெள்ளைதான். கையை வீசிக்கொண்டு போவதுதான் பெரிய தவறு. அட்டைகளை அப்படியே கொண்டுபோங்கள். மாத்திரையைக் கிழிக்கும்போது பெயர் இருக்கும் பக்கத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள். அட்டையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும்; மருந்தின் பெயர் அதன் மேலேயோ கீழேயோ தனியாக இருக்கும். ஒரே மருந்தின் பெயர் இரண்டு அட்டையில் இருந்தால் நீங்களாக எதையும் நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள். ஆச்சிக்காக நான் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் இரண்டு அட்டை டப்பாவை விட்டுப் போயின.

பாராசிட்டமாலும் இப்படித்தான். காய்ச்சல் மாத்திரையில் இருக்கும், சளி மாத்திரையிலும் இருக்கும், உடம்பு வலி மாத்திரையிலும் இருக்கும். நல்ல உடம்புக்கே நாளுக்கு 4 கிராம்தான் எல்லை. 650 மில்லிகிராமில் ஆறு போட்டாலே கிட்டத்தட்ட அங்கே வந்துவிடும். ஈரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அதற்கும் கீழே.

அப்புறம் முழங்கால் வலி மாத்திரை. செட்டிநாட்டின் நீண்ட வளவு வீட்டில் கட்டுக்குக் கட்டு நடந்து முழங்கால் வலிக்காத ஆச்சி ஏது? ஆனால் டைக்ளோஃபினாக்கை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரையோடும் நீர் பிரிக்கும் மாத்திரையோடும் இது சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி நேரமாவது முன்னால். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கு 4 மணி நேரம் தள்ளி.

என்னைப் பயமுறுத்துவது மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கு இதை வாரம் ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து. கூடக் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட்டும் பெரும்பாலும் அதே மாதிரி சின்ன மஞ்சள் மாத்திரை. அதனால் சீட்டில் எந்தக் கிழமை என்று இல்லாவிட்டால் டாக்டரைக் கேட்டு, "செவ்வாய் மட்டும்" என்று அட்டை மேலேயே பேனாவால் எழுதித்தான் கொடுக்கிறேன்.