இத்தாலியில் குடும்பத்தோடு கடலோர விடுமுறை: தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதல் முறை நான் ஊரைப் பார்க்கவில்லை, பால்கனியைப் பார்த்து வீடு எடுத்தேன். அமால்ஃபி பக்கம் மலைச்சரிவில் ஓர் ஊர், "கடலுக்கு ஐந்து நிமிடம்" என்று போட்டிருந்தார்கள். ஐந்து நிமிடம்தான், ஆனால் முழுக்கப் படிக்கட்டு. முழங்கால் வலியுள்ள அம்மா அந்த வாரம் முழுவதும் பால்கனியில் உட்கார்ந்தே கடலைப் பார்த்தார். அவர் பாதத்தை ஒரு தடவைகூட அலை தொடவில்லை என்பது இன்னும் எனக்கு வருத்தம்தான். அடுத்த பயணத்தில் வரிசையை மாற்றினேன். முதலில் கரை, அப்புறம் ஊர், கடைசியில் அறை. அதே வரிசையில் இங்கே சொல்கிறேன்.

படி 1: யாரால் எது முடியாது என்று எழுதுங்கள்

ஒரு தாள் போதும். படியேற முடியாதவர் யார்? நீந்தத் தெரியாதவர் எத்தனை பேர்? மதியம் தூங்கியே ஆக வேண்டிய குழந்தை உண்டா? சைவம் மட்டும் சாப்பிடுபவர் உண்டா? கார் ஓட்டப் போகிறீர்களா? இந்திய உரிமத்தோடு அங்கே ஓட்டச் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும், அதனால் இதை இப்போதே முடிவு செய்யுங்கள். பாதி இத்தாலி இந்த ஒரு பதிலிலேயே பட்டியலிலிருந்து போய்விடும்.

படி 2: கரையைத் தேர்ந்தெடுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இத்தாலியின் கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் ஒரே மாதிரி இருக்காது.

கிழக்கே அட்ரியாடிக் கடல். வடக்கில் லின்யானோ, பிபியோனே, யேசோலோ. அதற்குக் கீழே செர்வியா, செசெனாட்டிகோ, ரிமினி, ரிச்சோனே, கத்தோலிக்கா. இங்கெல்லாம் நீளமான, தட்டையான மணற்கரை. கடலுக்குள் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் பெரியவர்களுக்கு இடுப்பளவுதான் இருக்கும். ரிமினிக்கு வடக்கே விசெர்பா பக்கம் கரைக்கு இணையாகப் பாறைத் தடுப்பு போட்டிருப்பதால் அலையும் அடங்கியே வரும். படங்களில் பார்க்கும் பளிங்கு நீலத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அடியில் நல்ல பொடிமணல், தண்ணீர் கொஞ்சம் கலங்கலாகத் தெரியும். ஆனால் நான்கு வயதுக் குழந்தைக்கு நிறத்தைவிட ஆழம் முக்கியம்.

மேற்கே லிகூரியாவில் மலை நேராகக் கடலில் இறங்குகிறது. புகழ்பெற்ற சிங்க்வே தெர்ரேயின் ஐந்து ஊர்களில் மொன்தெரோஸ்ஸோவில்தான் சொல்லிக்கொள்ளும்படியான பெரிய கடற்கரை உண்டு. கொர்னிலியாவில் ரயிலை விட்டு இறங்கினால் ஊருக்கு ஏற 382 படிகள். ஒரு நாள் ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அவ்வளவு அழகு. தள்ளுவண்டியோடு ஒரு வாரம் தங்குவதற்கு லிகூரியாவிலேயே மணற்கரை உள்ள அலாஸ்ஸியோ போன்ற ஊர் நல்லது. துஸ்கனியில் வியாரெஜ்ஜோவைச் சுற்றிய வெர்சிலியா கரை அகலமானது, மணலும் நன்றாக இருக்கும். அதே கரையில் உள்ள ஃபோர்தே தெய் மார்மி பணக்காரர்களின் ஊர், விலையும் அப்படித்தான்.

தெளிந்த நீலத் தண்ணீர்தான் வேண்டும் என்றால் தெற்கே போக வேண்டும்: புலியா, சிசிலி, சர்தீனியா. அங்கே கார் இல்லாமல் நல்ல கரைகளை எட்டுவது சிரமம், காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். புலியாவின் தென்முனையான சலென்தோவுக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்குக் காற்று அடிக்கும் நாளில் மேற்கே அயோனியன் கடல் பக்கமும், தெற்கிலிருந்து சிரொக்கோ என்ற காற்று அடிக்கும் நாளில் கிழக்கே அட்ரியாடிக் பக்கமும் அமைதியாக இருக்கும். அதனால் இரண்டுக்கும் நடுவே தங்குவதுதான் புத்திசாலித்தனம். சர்தீனியாவில் லா பெலோசா கரைக்குக் கோடையில் ஒரு நாளைக்கு 1,500 பேருக்குத்தான் அனுமதி. முன்பதிவும் கட்டணமும் உண்டு, துண்டுக்கு அடியில் பாய் விரிக்க வேண்டும். அந்தத் தீவின் மணலைக் குழந்தை ஆசையாகப் பாட்டிலில் அடைத்தாலும் எடுத்துவராதீர்கள், 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம்.

கார் இல்லாமல் தெற்கே போக விரும்பினால் சிசிலியின் செஃபலூவைப் பாருங்கள். பலெர்மோவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போல ஆகும், மணற்கரை ஊரை ஒட்டியே இருக்கிறது. பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் நீண்ட காலமாக வாழ்கிறார்கள். மொன்தே பெல்லெக்ரீனோ மலையில் உள்ள புனித ரோசலியா குகைக் கோயிலுக்குக் கத்தோலிக்கர்களோடு இந்துத் தமிழர்களும் ஏறிப்போய்க் கும்பிடுகிறார்கள். நேரம் இருந்தால் அவசியம் போங்கள்.

என் கருத்தைக் கேட்டால்: முதல் பயணம், சின்னக் குழந்தை, வயதானவர், கார் இல்லை என்றால் ரிமினியைச் சுற்றிய கரை. மீதிப் படிகளுக்கு அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

படி 3: ஊருக்குள் எந்தப் பகுதி?

பொலோன்யா விமான நிலையத்தில் இறங்கினால் மார்க்கோனி எக்ஸ்பிரஸ் என்ற ஒற்றைத் தண்டவாள ரயில் சில நிமிடங்களில் நகரின் பெரிய ரயில் நிலையத்தில் விட்டுவிடும். அங்கிருந்து ரிமினிக்கு விரைவு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்.

இப்போது வரைபடத்தைத் திறங்கள். கரைக்கு இணையாக ரயில் பாதை ஓடுவதைக் காண்பீர்கள். அந்தப் பாதைக்கும் கடலுக்கும் நடுவே உள்ள தெருக்களில் மட்டும் தேடுங்கள். பாதைக்கு அந்தப்பக்கம் விலை குறையும்; ஆனால் மிதவை, வாளி, ஈரத்துண்டு, அழும் குழந்தை எல்லாவற்றோடும் தினமும் நான்கு முறை சுரங்கப்பாதையைக் கடக்க வேண்டி வரும். இரவில் அமைதி வேண்டுமானால் விசெர்பா, பெல்லாரியா போன்ற இடங்கள் நல்லது. கடைத்தெருவும் கூட்டமும் பிடிக்கும் என்றால் ரிச்சோனே.

கடலில் இறங்க முடியாத நாளில் என்ன செய்வது என்பதையும் இந்தப் படியிலேயே யோசியுங்கள். ரிமினி வெறும் கடற்கரை ஊர் அல்ல. கி.பி. 21இல் கட்டி முடித்த திபேரியஸ் பாலம் இன்னும் நிற்கிறது, அதன் மேல் நடக்கலாம்.

படி 4: மாதம்

ஆகஸ்ட் வேண்டாம். ஆகஸ்ட் 15 ஃபெர்ராகோஸ்தோ என்ற பெரிய விடுமுறை நாள், அதைச் சுற்றிய வாரங்களில் நாடே கடற்கரையில் இருக்கும். விலை உச்சத்தில் நிற்கும், பல வீடுகளைச் சனி முதல் சனி வரை முழு வாரத்துக்குத்தான் தருவார்கள். ஜூன் நடுப்பகுதி அல்லது செப்டம்பர் தொடக்கம் நல்லது.

படி 5: ஓட்டலா, வீடா?

அட்ரியாடிக் கரையில் குடும்பமே நடத்தும் சின்ன ஓட்டல்கள் ஏராளம். அங்கே "மெட்சா பென்சியோனே" என்றால் காலை உணவோடு இன்னொரு வேளையும், பெரும்பாலும் இரவு உணவு. "பென்சியோனே கொம்ப்ளேத்தா" என்றால் மூன்று வேளையும். வெளி உணவகங்கள் இரவு ஏழு, ஏழரைக்கு முன் திறப்பது அரிது. ஆறு மணிக்கே பசிக்கும் பிள்ளைகளோடு மேசை தேடி அலையாமல் இருக்க மெட்சா பென்சியோனே பெரிய உதவி. குடிக்கிற தண்ணீருக்குத் தனியாகப் பணமா என்று கேட்டுவிடுங்கள்.

சைவர்கள் முன்கூட்டியே எழுதிச் சொல்ல வேண்டும். "இறைச்சி இல்லை" என்று மட்டும் சொன்னால் மீன் வரும். இந்தப் பகுதியின் பியதீனா நம் சப்பாத்தி போலவே இருக்கும், ஆனால் பழைய முறையில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். ஆலிவ் எண்ணெயில் செய்ததைக் கேட்டு வாங்குங்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டியும் கன்றின் வயிற்று நொதியில் உறையவைப்பதுதான்.

இதெல்லாம் கஷ்டம், சோறும் ரசமும் இருந்தால் போதும் என்றால் சமையலறையுள்ள வீடு எடுங்கள். ஒரு சொல்லில் மட்டும் கவனம்: "பிலோகாலே" என்றால் இரண்டு அறை வீடு, கூடத்தையும் சேர்த்து. நம் கணக்கில் அது ஒரு படுக்கையறை வீடுதான். இரண்டு படுக்கையறை வேண்டுமானால் "த்ரிலோகாலே" தேடுங்கள்.

படி 6: பணம் கட்டும் முன்

லிஃப்ட் உண்டா, அது தரைத்தளத்திலிருந்தே தொடங்குகிறதா, இல்லை முன்னால் நாலு படி ஏற வேண்டுமா? ஏசிக்குத் தனிக் கட்டணமா? படுக்கை விரிப்பும் துண்டும் தருவார்களா? இவற்றை எழுத்தில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும்.

விளம்பரத்தில் சின் (CIN) எனப்படும் தேசிய அடையாளக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் அதைக் காட்டுவது கட்டாயம். அது இல்லாத வீட்டுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். பல ஊர்களில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரியும் உண்டு. அதைப் பெரும்பாலும் அங்கே போய்த்தான் கட்டுவோம். சிறு குழந்தைகளுக்கு விலக்கு, வயது வரம்பு ஊருக்கு ஊர் மாறும். கார் எடுத்தால், பழைய நகரப் பகுதிகளில் வெளியார் வண்டிக்குத் தடை உள்ள தெருக்கள் உண்டு. கேமரா படம் பிடித்து அபராதம் வீட்டுக்கே வரும், அதனால் எங்கே நிறுத்துவது என்று ஓட்டல்காரரிடம் கேளுங்கள்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்று காட்ட வேண்டும். விசா கையில் வரும்வரை, இலவசமாக ரத்து செய்யக்கூடிய பதிவையே வைத்திருங்கள்.

படி 7: குடையையும் சேர்த்துப் பதியுங்கள்

புதிதாகப் போகிறவர்கள் பலர் எதிர்பார்க்காத செலவு இது. கரையின் பெரும்பகுதி "பாஞ்ஞோ" என்ற தனியார் குத்தகைப் பகுதிகளாகப் பிரிந்திருக்கும். ஒரு குடை, இரண்டு சாய்வுப் படுக்கை என்று நாள் வாடகை, முதல் வரிசைக்கு விலை கூடுதல். பல ஓட்டல்களுக்கு ஏதோ ஒரு பாஞ்ஞோவோடு ஒப்பந்தம் உண்டு, அறை வாடகையிலேயே குடையும் அடங்கிவிடும். அப்படி உள்ள ஓட்டலை எடுங்கள். கட்டணமில்லாத பகுதிக்கு "ஸ்பியாஜா லீபெரா" என்று பெயர், குடையை நாமே கொண்டுபோக வேண்டும்.

பாட்டி தாத்தாவுக்கு முன்வரிசை தேவைப்படாது, மரநடைபாதையை ஒட்டிய குடையாகக் கேளுங்கள், மணலில் தள்ளாட வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு முதல் நாளே பாஞ்ஞோவின் எண்ணைச் சொல்லிக்கொடுங்கள். ரிமினியில் குடைகள் எல்லாம் ஒன்றுபோலவே கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு பாஞ்ஞோவுக்கும் பெரிதாக எழுதிய எண் உண்டு. அந்த எண்ணையும் உங்கள் கைப்பேசி எண்ணையும் குழந்தையின் மணிக்கட்டில் அழியாத பேனாவால் எழுதிவிட்டு, அப்புறம் தண்ணீரில் இறக்குங்கள்.