மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் ஸ்டீராய்டு: சர்க்கரை நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

முழங்கால் அல்லது இடுப்பு மூட்டை மாற்றும்போது, பின்னர் வரும் வலியையும் குமட்டலையும் தணிப்பதற்காக டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டை மயக்க மருந்து நிபுணர் சிரை வழியாகச் செலுத்துவதுண்டு. இதனால் மார்ஃபின் வகை மருந்துகளின் தேவை குறைகிறது. சர்க்கரை நோய் இருந்தால் இதை அறவே தவிர்க்க வேண்டும் என்று பலர் அஞ்சுகின்றனர். ஆனால் பல வகை அறுவை சிகிச்சைகளில் இந்த மருந்தைச் சோதித்து 2021இல் வெளியான பேடி (PADDI) என்னும் ஆய்வில், ஒரு வேளை செலுத்திய 8 மில்லிகிராம் அறுவைப் புண்ணில் தொற்றைக் கூட்டவில்லை. அதில் சர்க்கரை நோயாளிகளும் இருந்தனர். எனவே அஞ்ச வேண்டியது ஊசியை அன்று, அதன்பின் சர்க்கரையைக் கவனிக்காமல் விடுவதை.

ஸ்டீராய்டு, கல்லீரலைக் கூடுதல் குளுக்கோஸ் உற்பத்தி செய்யத் தூண்டுவதோடு, இன்சுலினுக்குத் திசுக்கள் இணங்காமலும் செய்கிறது. டெக்ஸாமெத்தசோனின் செயல்பாடு 36 மணி நேரத்துக்கும் மேல் நீடிப்பதால், முதல் இரண்டு நாட்களுக்குச் சர்க்கரையை அடிக்கடி அளக்க வேண்டும். வெறும் வயிற்று அளவு மட்டும் போதாது. ஸ்டீராய்டால் வரும் சர்க்கரை ஏற்றம் உணவுக்குப் பிறகே பெரிதும் தெரியும் என்பதால், ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்பும் படுக்கும் முன்பும் அளப்பதுடன், உணவுக்குப் பின் எப்போது அளப்பது என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் பொதுவாக 180 மி.கி/டெ.லி.க்குக் கீழே வைக்க முயல்வார்கள். வீடு திரும்பிய பிறகும் அளவு அதற்கு மேலேயே நின்றால் தெரிவியுங்கள். ஊசியின் வேகம் அடங்கும்போது சர்க்கரை இறங்குமாதலால், ஸ்டீராய்டுக்காகக் கூட்டிய இன்சுலினை யார், எப்போது குறைப்பது என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே எழுதி வாங்குங்கள். பலர் தவறவிடும் இடம் இதுவே. 70க்குக் கீழே இறங்குவதும் ஆபத்துதான்.

அறுவைக்குமுன் பேசும்போது ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) அளவையும் எல்லா மருந்துகளையும் சொல்லுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகளைப் பொதுவாக மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லையெனில் சர்க்கரை பெரிதாக உயராமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாவது) ஆபத்தான அளவுக்குச் சேரக்கூடும். முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயாளிகள், நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை ஒருபோதும் தாமாக நிறுத்தக் கூடாது. கடந்த மூன்று மாதங்களில் அதே மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அது தொற்று அபாயத்தைக் கூட்டுமாதலால், அதை அறுவை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பழைய ஸ்டீராய்டு மாத்திரை மீதமிருந்தாலும், வலி தாங்கவில்லை என்று நீங்களாக எடுத்து விழுங்காதீர்கள்.

புண்ணில் சிவப்பு, கசிவு, காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி, வாந்தியுடன் மூச்சு வாங்குதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.