வியர்வையை வைத்துச் சர்க்கரையைக் கவனிப்பது எப்படி?

தினமும் விரலில் குத்திக் குத்தி அலுத்துப்போனவருக்கு, வியர்வையிலேயே சர்க்கரை அளவு தெரியும் என்று ஒரு வாட்ச் விளம்பரம் வந்தால் உடனே வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த ஸ்மார்ட் வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவில் உணவையும் மருந்தையும் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அதில் வரும் எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

வியர்வையில் சர்க்கரை இருப்பது உண்மைதான். ஆனால் ரத்தத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்குதான், அதனால் பழம் நறுக்கிய கையைக் கழுவாமல் வைத்தாலே கணக்கு மொத்தமும் தப்பிவிடும். 2021இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ ஆய்வகம் ஒரு நல்ல வழி காட்டியது: சென்சார் மேல் ஒரு நிமிடம் விரலை வைத்தால் போதும், நுனியில் ஊறும் வியர்வையை ஜெல் உறிஞ்சிக்கொள்ளும், அதிலுள்ள சர்க்கரையை ஒரு நொதி கண்டுபிடிக்கும். அதற்கும் ஆளுக்கு ஆள் ரத்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டியிருந்தது.

சரி, இன்று உங்கள் வியர்வையை எப்படிப் பயன்படுத்துவது? எண்ணாக இல்லை, சர்க்கரை தாழ்கிறது என்று சொல்லும் எச்சரிக்கை மணியாக. ஃபேன் ஓடும்போதே காரணமில்லாமல் குப்பென்று வியர்த்து, கை நடுங்கி, படபடவென்று வந்தால் உடனே கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு (ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துப்போய் அளவு குறைவாகக் காட்டும்) குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு முறை குடியுங்கள். மீட்டர் பக்கத்தில் இல்லையா, காத்திருக்காமல் முதலில் குடித்துவிடுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள்.

பிபிக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். அந்த மாத்திரை படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. காலையில் தலையணை நனைந்திருந்தால் இரவில் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம், அடுத்த சில நாள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து ஒரு தடவை பார்த்துவிட்டு அந்த எண்களை டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், வியர்த்துக் கொட்டுகிறது, ஆனால் மீட்டரில் சர்க்கரை சரியாக இருக்கிறது என்றால் நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கள்.