மலையில் இருந்தபடி தாவர மரபணுப் பொறியியல்: வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

தாவர மரபணுப் பொறியியலில் ஆர்வம் கொண்டு, உதகையிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ வீட்டின் ஓர் அறையை அதற்கென ஒதுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது, மரபணுவை எப்படி மாற்றுவது என்பதைத்தான். அதற்கு முன்பே கைவர வேண்டிய வேலை ஒன்று உண்டு. செடியின் சிறு துண்டு ஒன்றைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் அண்டாமல் கண்ணாடிக் குப்பிக்குள் முழுச் செடியாக வளர்த்தெடுப்பதே அது. பெரும்பாலான பயிர்களில் புதிய மரபணு முதலில் நுழைவது சில செல்களுக்குள் மட்டுமே. அந்தச் செல்களிலிருந்து செடியை மீட்டெடுக்கத் தெரியாதவருக்கு மரபணுவை நுழைக்கத் தெரிந்தும் பயனில்லை. ஆகவே, வீட்டில் தொடங்குபவர் திசு வளர்ப்பில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சட்டமும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கோடு கிழிக்கிறது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வெளியான விதிகள், மரபணு மாற்றிய நுண்ணுயிர்களையும் செல்களையும் உயிரினங்களையும் உருவாக்குவதற்கும் இறக்குமதி செய்வதற்கும் சேமித்து வைப்பதற்கும் உரிய குழுக்களின் அனுமதியைக் கட்டாயமாக்குகின்றன. நிறுவன அளவிலான உயிரியல் பாதுகாப்புக் குழுவில் தொடங்கி, வயலில் விடுவதற்கான மதிப்பீட்டுக் குழு வரை அது ஒரு நீண்ட படிக்கட்டு. தனிமனிதரின் சமையலறைக்கு அதில் இடமில்லை. 2022 மார்ச்சில் மத்திய அரசு, அயல் மரபணு எதுவும் எஞ்சியிராத சிலவகை மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு இவ்விதிகளில் சிலவற்றிலிருந்து விலக்களித்தது உண்மை. ஆனால் அந்த நிலையை எட்டும் வரையிலான ஆய்வு, கட்டுப்பாடான ஆய்வகத்துக்குள், நிறுவனக் குழுவின் கண்காணிப்பில்தான் நடக்க வேண்டும். மரபணு மாற்றிய பாக்டீரியாவை உள்ளடக்கிய பயிற்சிப் பெட்டிகளை அயல்நாட்டு இணையக் கடைகள் விற்கின்றன என்பதற்காக அவற்றை இங்கு வரவழைக்கலாகாது. திசு வளர்ப்புக்கு இந்தத் தடை எதுவும் இல்லை.

முதல் செடியாக நான் பரிந்துரைப்பது உருளைக்கிழங்கு. ஆர்க்கிட் வேண்டும் என்று பலர் ஆசைப்படுவார்கள். அது பொறுமையைச் சோதிக்கும், மேலும் சோலைக்காட்டு ஆர்க்கிட்டுகளைப் பறித்து வருவது வனச் சட்டப்படி குற்றம். உருளைக்கிழங்கின் முளைத்தண்டிலோ, கணுவுக்குக் கணு ஓர் உறங்கும் மொட்டு இருக்கிறது. வளர்ச்சி ஊக்கி எதுவும் சேர்க்காத ஊடகத்திலேயே, அதாவது குப்பிக்குள் செடிக்கு உணவாகும் கூழிலேயே, அது விழித்துக்கொள்ளும். கடையில் வாங்கிய கிழங்கை நன்றாகக் கழுவி, மண்ணில் புதைக்காமல், வெளிச்சம் படும் சன்னலோரத்தில் தட்டில் வைத்தால், சில வாரங்களில் தடித்த பச்சை முளைகள் வரும். மண்ணைத் தவிர்க்கச் சொல்வதற்கு இம்மலையில் தனிக் காரணமும் உண்டு: உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் தங்க நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது, அதன் கூடுகள் மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும்.

ஊடகத்துக்கு, 1962இல் முராஷிகே, ஸ்கூக் என்ற தாவர அறிவியலாளர்கள் இருவரும் வெளியிட்ட உப்புக் கலவையே இன்றும் அடிப்படை. எம்.எஸ். மீடியம் என்று கேட்டால், ஒரு லிட்டருக்கு அளந்த பொட்டலமாகவே ஆய்வகப் பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும். ஒரு லிட்டர் நீருக்கு அந்தப் பொட்டலத்தோடு 30 கிராம் வெள்ளைச் சர்க்கரையும் ஊடகத்தை உறையவைக்க 8 கிராம் அகரும் வேண்டும். அகருக்குப் பதிலாக மளிகைக் கடைச் சைனா கிராஸ் பயன்படும், ஆனால் அதைக் கொதிக்கவைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். அமில காரத் தன்மை (pH) 5.8 அளவில் இருக்க வேண்டும். மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சோதனைத் தாளைக் கொண்டு பார்த்து, கூடினால் வினிகரும் குறைந்தால் சமையல் சோடாக் கரைசலும் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கலாம். அமிலம் மிகுந்தால் அகர் உறையாது.

அடுத்தது, சமவெளியில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் மலைவாசிகளைக் கைவிடும் இடம். ஊடகத்தை 121 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம் வேகவைக்க வேண்டும் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. சமவெளியில் வீட்டு பிரஷர் குக்கர் ஏறக்குறைய அந்த வெப்பத்தைத் தொட்டுவிடும். குக்கரின் மேல் உட்காரும் வெயிட், வெளியே இருக்கும் காற்றழுத்தத்துக்கு மேல் எவ்வளவு கூடுதல் அழுத்தம் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் காற்றழுத்தமே கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். தண்ணீர் கிட்டத்தட்ட 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதனால், அதே குக்கர் அதே வெயிட்டோடு இங்கு ஏறக்குறைய 116 டிகிரியைத்தான் எட்டும். மலையில் பருப்பு வேக நேரமாகும் அதே கணக்குதான் இதுவும், ஆனால் இங்கு அரைவேக்காடாகப் போவது, கொதிநீரையும் தாங்கி உறங்கிக் கிடக்கும் பாக்டீரியாவின் வித்துகள். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் வித்துகளைக் கொல்ல ஏறக்குறைய பத்து மடங்கு நேரம் தேவை என்ற கணக்கின்படி, 5 டிகிரி குறைவுக்கு மூன்று மடங்கு நேரம் கொடுக்க வேண்டும். உதகையிலும் கொடைக்கானலிலும் முதல் விசில் வந்தபின் தீயைத் தணித்து 45 முதல் 50 நிமிடம் விடுங்கள். உயரம் குறைந்த குன்னூரிலும் கோத்தகிரியிலும் அதைவிடச் சற்றுக் குறைந்தாலும் போதும். விசிலை எண்ணுவதால் பயனில்லை, கடிகாரத்தைப் பாருங்கள். அவ்வளவு நேரத்துக்குத் தாங்கும்படி அடியில் தண்ணீர் இருக்க வேண்டும். நெடுநேரம் வெந்தால் சர்க்கரை கருகி ஊடகம் பழுப்பேறும் என்பதால், பெரிய பாட்டிலில் மொத்தமாக வைக்காமல், ஜாம் பாட்டில்களில் இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, மூடியை இறுக்காமல் வையுங்கள். குக்கர் தானாக ஆறும்வரை திறக்கக் கூடாது. அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் ஊடகம் பொங்கி வழிந்துவிடும்.

நடும் வேலைக்கு விலையுயர்ந்த காற்று வடிகட்டி மேசை தேவையில்லை. மூடியுள்ள பெரிய ஒளிபுகு பிளாஸ்டிக் பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, கை நுழைய இரண்டு துளைகள் இட்டால், உள்ளே காற்று அசையாத அறை ஒன்று கிடைத்துவிடும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் பெட்டியின் உட்புறத்தையும் கைகளையும் துடைத்து, ஆவி அடங்கும்வரை காத்திருங்கள். பெட்டிக்குள் தீ மூட்டவே வேண்டாம். இடுக்கியையும் பிளேடையும் அலுமினியத் தாளில் சுற்றி ஊடகத்தோடு குக்கரிலேயே வேகவைத்துக்கொண்டால் விளக்கின் தேவை இராது. முளைத்தண்டை இலை நீக்கிக் கழுவி, 4 சதவீதச் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்தில் ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் கலந்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, 10 நிமிடம் ஊறவையுங்கள். இந்தத் திரவத்தை வினிகரோடோ ஸ்பிரிட்டோடோ ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு எழும். பிறகு பெட்டிக்குள், வேகவைத்து ஆறிய நீரில் மூன்று முறை அலசி, வெளுத்துப்போன நுனிகளை வெட்டி நீக்கி, கணுவுக்கு ஒன்றாக நறுக்கி, மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி ஊடகத்தில் ஊன்ற வேண்டும்.

பாட்டில்களைச் சன்னல் வெயிலில் வைக்காமல், எல்.இ.டி. டியூப் லைட்டின் கீழ் நாளுக்கு 16 மணிநேரம் வையுங்கள். உருளைக்கிழங்குக்கு 20 டிகிரி அளவே பிடிக்கும் என்பதால், சமவெளியில் ஏ.சி. போட்டுப் பெற வேண்டிய வெப்பநிலை இங்கே பெரும்பாலான மாதங்களில் சும்மா கிடைக்கிறது. பனிக்கால இரவுகளுக்கு மட்டும் ஒரு தெர்மாகோல் பெட்டி போதும். மழைக்காலம்தான் பகை. சுவரிலேயே பூஞ்சை பூக்கும் மாதங்களில், அதாவது கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும் கொடைக்கானல், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பரிலும், முதல் முயற்சியைத் தொடங்காதீர்கள்.

முதல் வாரம் பாட்டில்களைப் பார்ப்பதே ஒரு பாடம். ஊடகத்தின் மேற்பரப்பில் ஆங்காங்கே வெண்பஞ்சுப் புள்ளிகள் தோன்றினால், அவை காற்றிலிருந்தோ கையிலிருந்தோ விழுந்த பூஞ்சை வித்துகள். பெட்டியிலும் உங்கள் அசைவிலும் குறை தேடுங்கள். ஊன்றிய தண்டின் அடியை மட்டும் சுற்றிப் பால்போன்ற வழுவழுப்பு படர்ந்தால், கிருமி செடியோடு வந்தது. ஊறவைக்கும் நேரத்தைச் சில நிமிடங்கள் கூட்டிப் பார்க்கலாம். எல்லாப் பாட்டில்களிலும் ஒரே மாதிரி, தண்டே இல்லாத பாட்டிலிலும்கூட, கலங்கல் வந்தால் குக்கர் நேரம் போதவில்லை. இதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு முறையும் செடி ஊன்றாத பாட்டில் ஒன்றை ஒதுக்கி வையுங்கள். கெட்ட பாட்டிலைத் திறக்காமல் மீண்டும் குக்கரில் வேகவைத்த பிறகே கழுவ வேண்டும்.

தப்பிய கணுவில் ஒரு வாரத்தில் வெள்ளை வேர் இழைகள் அகருக்குள் இறங்குவது கண்ணாடி வழியே தெரியும். மூன்று நான்கு வாரங்களில் அது மீண்டும் பல கணுக்களாக நறுக்கத் தக்க செடியாகிவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: பூஞ்சை இல்லாத செடி வேறு, வைரஸ் இல்லாத செடி வேறு. தாய்க்கிழங்கில் வைரஸ் இருந்தால் குப்பிச் செடியிலும் அது இருக்கும். கீழ்ப்பழனி மலையின் விருப்பாச்சி வாழையை அழித்த முடிக்கொத்து என்னும் வைரஸ் நோய்க்கு எதிராகத் திசு வளர்ப்பு கைகொடுத்தது, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வளர்நுனியைப் பிரித்தெடுத்து, கன்றுகளைச் சோதித்த பிறகுதான். வீட்டுச் செடிகளை விதை என்று விவசாயிகளுக்குக் கொடுக்காதீர்கள்.

மரபணுப் பொறியியலுக்கு இன்னும் நெருங்கிய பயிற்சி வேண்டுமானால் அடுத்தது ஊட்டி கேரட். 1958இல் தாவர அறிவியலாளர் ஸ்டூவர்டும் அவரது குழுவினரும் கேரட் கிழங்கின் செல்களிலிருந்து முழுச் செடியை உருவாக்கிக் காட்டியபோது, அவர்கள் ஊடகத்தில் சேர்த்த முக்கியப் பொருள் நம் இளநீர்தான். செல் பிரிதலைத் தூண்டும் சைட்டோகைனின்கள் அதில் உள்ளன. லிட்டருக்கு 100 முதல் 150 மில்லி இளநீர் சேர்த்த ஊடகத்தில், மேற்பரப்பு நீக்கிய கேரட்டின் உட்பகுதி வில்லைகளை வைத்தால், சில வாரங்களில் உருவமற்ற செல்திரள் புடைத்து வரக்கூடும். ஆய்வகத்தில் மரபணு ஏற்றப்படுவது பெரும்பாலும் இத்தகைய திரளில்தான் என்பதால், இதை உயிரோடு காக்கப் பழகுவது வீண்போகாது.

குப்பிச் செடியை வெளியே கொண்டுவரும்போது, அதன் இலையில் மெழுகுப்பூச்சு இராது என்பதை நினைவில் வையுங்கள். வேரில் ஒட்டிய அகரைக் கழுவி, தென்னை நார்க்கழிவு நிரப்பிய தொட்டியில் நட்டு, பிளாஸ்டிக் உறையால் மூடி, ஒவ்வொரு நாளும் சிறிது கூடுதலாகத் திறந்து பத்துப் பதினைந்து நாளில் முழுவதும் நீக்கலாம்.

மரபணுவை வாசிக்கவோ எவர் அனுமதியும் வேண்டியதில்லை. உருளைக்கிழங்கின் மரபுத்தொகுதி (ஜீனோம்) 2011இலும் கேரட்டினுடையது 2016இலும் வெளியாயின, இரண்டும் அமெரிக்க அரசின் உயிரியல் தகவல் மையமான என்.சி.பி.ஐ.யின் இணையதளத்தில் இலவசம். கேரட்டின் நிறத்துக்குக் காரணமான மரபணுக்களைத் தேடி எடுத்து, எந்த இடத்தில் வெட்டினால் என்ன மாறும் என்று கணினியிலேயே திட்டமிட்டுப் பழகலாம். அந்தத் திட்டத்தைச் செடியில் செய்து பார்க்க விரும்பும்போது, உயிரியல் பாதுகாப்புக் குழு உள்ள கல்லூரியையோ, மலையிறங்கினால் கோவையில் உள்ள வேளாண் பல்கலைக்கழகம் போன்ற இடத்தையோ மாணவராகவோ பயிற்சியாளராகவோ அணுகுங்கள். பாட்டில் பாட்டிலாக ஊடகம் தயாரித்த தேதி, குக்கர் நேரம், கெட்டவை எத்தனை, தப்பியவை எத்தனை என்று எழுதிய குறிப்பேட்டையும் அப்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள்.